இடது கையால் வழியனுப்பியவர்

செனகலில் இருந்த கடைசி பிரெஞ்சுப் படை வெளியேறுகிறது என்ற செய்தி கைபேசியில் வந்தபோது, கடத்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாடு விடுதலை பெற்று அறுபது வருடங்களுக்கு மேலாகியும் அங்கே படை இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். என் கணவர் அதன் தலைநகர் டக்காரில் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறார். படை போனால் சண்டை வரும் என்று மனம் முடிவுகட்டிவிட்டது. படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்றும் தோன்றியது. இருந்தாலும் வீடியோவில் அழைத்தேன்.

“நீங்களும் கெளம்பி வந்துடுங்க.”

“ஏ புள்ள, அவுங்க அவுங்க ஊருக்குப் போறாங்க. எனக்கு எதுக்கு டிக்கெட் போடற?”

சிரித்துக்கொண்டே படைமுகாமின் வாசலைக் காட்டினார். அவர் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு அங்கேதான் சமையல் வேலை. அன்று கடைசி நாள், அந்த அம்மாவை அழைத்துப்போக என் கணவர் வந்திருந்தார். பையைத் தோளில் போட்டு நின்ற ஓர் இளம் சிப்பாயிடம் அந்த அம்மா கையை நீட்டினார். இடது கை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன் இடது கையால் பிஸ்கட் வாங்கினாலே, “சோத்தாங்கையில வாங்கு சாமி” என்று மாமியார் மாற்றிவிடுவார். சிப்பாயிடமா இப்படி?

“ஐயோ, அந்தம்மா வேணும்னே அவமானப்படுத்துறாங்க. சண்டையாயிடும். அங்க நிக்காதீங்க!”

சிப்பாயும் தன் இடது கையையே கொடுத்தான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இங்க தூரமா போறவங்களுக்குப் பீச்சாங்கைதான் குடுப்பாங்க புள்ள. அந்தத் தப்பச் சரிபண்ணவாவது திரும்பி வந்துதான ஆகணும்?”

“அப்போ பட்டாளம் திரும்பி வரணும்னா அழறாங்க?”

அந்த அம்மாவிடமே கேட்டுச் சொன்னார்: “பட்டாளம் போனது போனதாவே இருக்கட்டுமாம். அந்தப் பையன் மட்டும் ஒரு நாள் வூட்டுக்குச் சாப்பிட வரணுமாம்.”

கிளம்பி வாருங்கள் என்று நான் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில சமயம் நினைப்பதுண்டு.

பேசி முடிக்கும்போது எங்கள் பையன் திரையைப் பார்த்து டாட்டா காட்டினான், இடது கையால். மாமியார் வழக்கம்போல் எட்டிப் பிடித்தார்.

“இருக்கட்டும் அத்தை. இன்னிக்கு மட்டும்.”

“என்ன பழக்கமோ, போ” என்று முனகியபடி கையை விட்டார்.

அங்கே அவர் கைபேசியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையை எங்களை நோக்கி நீட்டினார்.