லிஃப்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்

லிஃப்ட் கம்பெனியில் பழுதுபார்க்கும் பிரிவுக்கே இப்போது அவர்தான் பொறுப்பு. எல்லாருக்கும் அவர் லிஃப்ட் அக்கா. ஆரம்ப நாட்களைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் பேசுவார்.

பள்ளி முடிக்கும் வருடம் கம்பெனிக்காரர்கள் வகுப்புக்கு வந்தார்கள். தேர்வாகும் பெண்களை டிப்ளமா படிக்கவைத்து, அங்கேயே வேலையும் தருவதாகச் சொன்னார்கள். தையல்காரரான அப்பா படிப்புக்குத் தலையாட்டினார். மகள் படித்து முடித்து வேலையில் சேர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படிக்கத்தானே அனுப்பினேன்? குழிக்குள்ள இறங்கவா அனுப்பினேன்?"

"குழி இல்லப்பா. லிஃப்ட் போற வழி."

"விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான். இந்த மாசம் முடியட்டும், கடையில வந்து சட்டைக்குக் காஜா எடு."

மாதம் முடியப்போகும் நேரத்தில்தான் அது நடந்தது. உள்ளே இறங்குமுன் மொட்டை மாடியில் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துத் தங்கள் சொந்தப் பூட்டைத் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். சாவி பூட்டியவரிடம் மட்டுமே இருக்கும். அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் முதல்முறையாகத் தனியாக லிஃப்ட் கதவைச் சரிசெய்தார். "நீங்க போங்க சார், சுவிட்சைப் போட்டுட்டு வர்றேன்" என்று சூப்பர்வைசரை அனுப்பினார். சந்தோஷத்தில் சுவிட்சையும் பூட்டையும் மறந்து, படியில் துள்ளி இறங்கி பஸ் ஏறிவிட்டார்.

அவர் வீடு சேருமுன் அப்பாவின் கடைக்குப் போன் வந்தது. பேசியது சூப்பர்வைசர்.

"ஐயா, பொண்ணைச் சாவியோட அனுப்புங்க."

"ஒரு பூட்டை உடைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்ங்க. உடைக்க மாட்டோம். பூட்டு தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். பூட்டினவங்கதான் திறக்கணும்."

வீடு வந்த மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அப்பாவே அந்தக் கட்டடத்துக்கு மிதித்தார். படிக்கட்டு முழுக்கக் காய்கறிப் பைகளோடு ஜனம். "வாம்மா மகராசி, உனக்காகத்தான் தவம் கிடக்கிறோம்" என்றார் ஒரு பெரியம்மா. கம்பெனி மேனேஜர்கூட அங்கே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க மேலே ஏறிய அப்பா, பூட்டில் தொங்கிய அட்டையில் மகளின் போட்டோவைப் பார்த்தார்.

மகள் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட, லிஃப்ட் வந்தது. கீழே இறங்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"நீ உள்ள இருக்கறப்ப இதை யாருமே தொட மாட்டாங்களா?"

"தொட்டா வேலை போயிடும்பா. மேனேஜரா இருந்தாலும்."

"சரி. மாசக் கடைசின்னு சொன்னேன்ல, அதை விடு."

"அதுக்கப்புறம் அப்பா எந்த லிஃப்ட்ல ஏறினாலும் பக்கத்துல நிக்கிறவரைப் பிடிச்சுக்குவாரு" என்கிறார் அக்கா. "பூட்டு, சுவிட்சு, எல்லாத்தையும் விளக்குவாரு. பாவம், அவங்க மாடி வந்தாலும் விடமாட்டாரு."