மூன்று பெயர்களில் ஒருவர்

எழுபதுகளின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் இயக்குநர் என்னை அறைக்கு அழைத்தார்.

உயர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் பொன்முடிப் பாறைகளை ஆராய்பவர். கூட்டங்களில் நன்றாகப் பேசுவார். மற்றவர் விழிஞ்ஞம் கரையில் அலைகள் மணலைக் கொண்டுபோவதையும் கொண்டுவருவதையும் வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்த அம்மையார். அவர் பேசியே நான் அதிகம் கேட்டதில்லை.

"யாரு பெரிய ஆளுன்னு நமக்குள்ள தர்க்கம் வேண்டா. இவங்க எழுதினதை வெளியில எத்தனை பேர் எடுத்துக் காட்டியிருக்காங்கன்னு எண்ணித் தந்தா மதி, அது போதும், கேட்டோ," என்றார் இயக்குநர், மலையாளம் கலந்த தமிழில்.

அதற்கென்றே தடித்தடியான மேற்கோள் அட்டவணைகள் வெளிநாட்டிலிருந்து வரும். ஓர் ஆராய்ச்சியாளரின் பெயரைத் தேடினால், அவருடைய எந்தக் கட்டுரையை யார் யார் தங்கள் கட்டுரைகளில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பது அதன் கீழே இருக்கும். எழுத்து எறும்பைவிடச் சிறியது. லென்ஸை வைத்தால் நீருக்கடியிலிருந்து மிதந்து வருவதுபோல் பெயர்கள் பெருத்து வரும். வெளியே மழை ஓயாது. அந்த ஜன்னலோரத்தில் எனக்கு நாளும் நேரமும் மறந்துபோயின. பனி பெய்கிற ஊரில் யாரோ ஒருவர் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு நம் ஊரைப் பற்றிப் படிப்பதுபோல் காட்சிகள் வந்து போகும்.

பாறைக்காரரின் பெயருக்குக் கீழே ஒரு பத்தி நிறைய வரிகள் இருந்தன. அம்மையாரின் பெயருக்கு இரண்டே இரண்டு. எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வேறு எதையோ தேடும்போது, முன்பின் தெரியாத ஒரு பெயரின் கீழே விழிஞ்ஞம் கட்டுரை கிடந்தது. அதே பத்திரிகை, அதே ஆண்டு, அதே பக்க எண். மற்ற தொகுதிகளையும் இறக்கினேன். இன்னோர் இடத்தில், அம்மையாரின் பெயரே வேறோர் இனிஷியலோடு இருந்தது. இரண்டு இடத்திலும் வரிகள் நீண்டுகொண்டே போயின.

அவர் அறைக்கு ஓடினேன். சேலைக் கரை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

"மேடம், இதெல்லாம் நீங்கதானா?"

ஊரின் பழைய கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத்தில் வளர்ந்தவர் அவர். நான் எழுதியதை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல். அப்புறம் ஆத்துக்காரர் இனிஷியல். நடுவுல ஒரு பத்திரிகைக்காரா அவர் பேரையே என் பேராப் போட்டுட்டா."

"அப்போ கணக்கைச் சேத்திரலாம் மேடம்."

அவர் கணக்கைக் கேட்கவில்லை. "இவாள்லாம் என்ன எழுதியிருக்கா? அதைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா? யாரும் படிக்கலேன்னுன்னா நெனச்சிண்டிருந்தேன்."

கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். வேறொரு கண்டத்துக் கடற்கரையை ஆராய்ந்த ஒருவர், விழிஞ்ஞம் அளவுகளை வைத்துத் தன் கரையைப் புரிந்துகொண்டதாக எழுதியிருந்தார். அந்த வரியில் விரலை வைத்தபடி அம்மையார் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. மறுநாளே அந்த மனிதருக்குக் கடிதம் போட்டார்.

மூன்று பெயர்களையும் சேர்த்து, பக்க எண்களோடு இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். "இது நான் அறிஞ்சதே இல்ல," என்று மெல்லச் சொன்னார். ஓணம் கழிந்து அம்மையாருக்குப் பதவி வந்தது.

அந்த வாரம் பாறைக்காரர் நூலகத்துக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மோளே, என்னோட பேரும் எங்கயாவது மாறிக் கிடக்குதோ? ஒண்ணு பாத்துத் தருமோ?"

அன்று பிற்பகல் முழுக்க இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஓர் எழுத்துப் பிழையோடு அவர் பெயரும் இருந்தது. கீழே இரண்டே வரிகள். அவற்றைத் தன் டைரியில் குறித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, குடையை விரித்துக்கொண்டு போனார்.