ஃபோகஸ் லைட்டும் ஆறு கத்தியும்

காலை ஒன்பது மணிக்கு ஸ்டெல்லா என் பட்டறைக்குள் வந்து ஆறு கத்திகளைத் தரையில் போட்டார். கம்பைநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. எல்லாம் முந்தின நாள் நான் காய்ச்சித் தட்டிக் கொடுத்தவை. ஆறிலும் வெட்டும் வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

“என்னங்கண்ணா இது? நாலு கரும்பு வெட்டல, வாய் போயிடுச்சி. சாய்ந்தரம் ஆலை லாரி வந்துடும். லோடு ரெடியா இல்லன்னா அடுத்த வெட்டு வேற குரூப்புக்குப் போயிடும்.”

ஊரில் பேர் எடுத்த கொல்லன் என்ற கெத்து எனக்கு. கூசாமல் சொன்னேன்: “இரும்பே சரியில்லீங்க. லாரி ஸ்பிரிங் பட்டைலகூட இப்பல்லாம் கலப்படம்.”

சம்மட்டி அடிப்பது என் மனைவி ராணி. வாடிக்கையாளர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். அன்று திறந்தாள்.

“இரும்பு மேல பழி போடாதீங்க. சூடு ஓவர். நேத்து அடிக்கும்போதே மாவு மாதிரி அமுங்குச்சி.”

சுருக்கென்றது. உலைக்கு வெளிச்சம் ஆகாது. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டை அறிவோம். அதற்காகவே வாசலில் சாக்கு தொங்கும். முந்தின நாள் நான் பந்தாவாகச் சாக்கைக் கழற்றிவிட்டு, உலைக்கு நேர் மேலே ஃபோகஸ் லைட் மாட்டியிருந்தேன். அந்த வெளிச்சத்தில் நன்றாகப் பழுத்த இரும்பும் மங்கலாகத் தெரிந்தது. இன்னும் காயட்டும் என்று விட்டுவிட்டேன். அளவு மீறிக் காய்ந்ததைத் தண்ணீரில் தோய்த்தால் வாய் நொறுங்கத்தான் செய்யும்.

“அப்பவே சொல்றதுக்கென்ன?” என்றேன்.

“சொன்னா கேட்டிருப்பீங்களா?”

ஸ்டெல்லா வாட்சைப் பார்த்தார். நான் லைட்டை அணைத்தேன், சாக்கை மாட்டினேன். பெயர்ந்த வாயை கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி உலையில் வைத்தேன். குறடு என் கையில், சூடு ராணியின் பொறுப்பு. இரண்டு அடி அடித்து, இரும்பு அமுங்குவதைக் கையாலேயே அறிவாள். “இன்னும் கொஞ்சம் வைங்க” என்பாள். “போதும், எடுங்க” என்பாள். ஒரு கத்தியில்கூட அவள் கணக்கு தப்பவில்லை. அப்படியொரு கை!

பதினொன்றரைக்கு ஆறும் தயார். வாசலில் கிடந்த வேலங்கட்டையை ஸ்டெல்லா ஓங்கி வெட்டிப் பார்த்தார். வாய் அப்படியே இருந்தது. ஆறையும் அள்ளிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் போன் வந்தது. “லோடு ஏறிடுச்சிங்கண்ணா. அக்காகிட்ட போனக் குடுங்க.”

கொடுத்தேன்.

புதிதாக உலை போடும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கண் ஏமாறும், சம்மட்டி பிடித்தவரைக் கேளுங்கள். இருபத்தெட்டு வருஷமாக ராணியின் கைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.