சிவப்பு பட்டனுக்கு ரெண்டு சத்தம்

டெஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது இன்று அவருடைய அடையாள அட்டையில் மட்டும் குடியிருக்கிறது. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் முப்பது வருடம் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைக் குத்தி வைத்திருந்ததால் ஊர் அந்தப் பெயரையே சூட்டிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பால் பொங்குகிறது என்று மனைவி சொன்னால் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அடுப்பை அணைப்பார். அதற்குள் பால் தரைக்கு வந்திருக்கும். ஆனால் அவர் பார்த்துக்கொண்ட லிஃப்ட் எதுவும் யாரையும் கீழே போட்டதில்லை. அவரோடு பேசியவர்கள்தான் தலை சுற்றி விழுந்திருக்கிறார்கள்.

மனைவி தையல்காரி. மனைவியின் தம்பி தச்சன். மர மில்லின் வட்ட ரம்பம் அவனுடைய இடது மோதிர விரலின் நுனியைத் தன் பங்காக எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அவன் பெயர் 'ஒன்பதே முக்கால்'. அவனை அந்த ரம்பத்திடமிருந்து மீட்கத்தான் டெஸ்டர் பின்னறையில் ஒரு சிஎன்சி மெஷின் கட்டினார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகைமேல் ஊர்ந்து பூ செதுக்கும் மெஷின். அது ஓடினால் மச்சினன் மில்லுக்கு முழுக்குப் போட்டுவிட்டு இங்கேயே அலமாரிக் கதவுகள் செய்யலாம். தையல்காரி போட்டது ஒரே நிபந்தனைதான்.

"என் தம்பி கை உள்ள போறதுக்கு முன்னாடி அது நிக்கணும். நிக்காதுன்னு தெரிஞ்சா மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போகும். அந்த ரூம்ல என் தையல் மெஷின் வரும்."

நிற்க வைக்கிற பொறுப்பு கண்ட்ரோல் பேனலுடையது. தகரப் பெட்டியின் கதவில் ஓட்டை போட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து டெஸ்டர் அதை வயரிங் செய்தார். மஞ்சள் லைட் எரிந்தால் பெட்டிக்குக் கரண்ட் வந்துவிட்டது. பச்சை பட்டனை அமுக்கினால் மோட்டாருக்கும் போகும், பச்சை லைட் எரியும். நடுவில் காளான் தலை மாதிரிக் கொழுத்த சிவப்பு பட்டன். உயிர் போகிற அவசரத்தில் ஓங்கி அடிப்பதற்கு.

அதைக் கடையில் வாங்கும்போதே தகராறு.

"ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தான் சார்."

"யார் சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க சொல்றீங்க," என்று இழுத்தார் டெஸ்டர்.

சிவப்பு பட்டனின் வயரிங் அவர் மனசுக்குப் பிடித்த வயரிங். பட்டனின் முதுகில், பெட்டிக்கு உள்பக்கம், ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டை கொக்கி போட்டு மாட்டியிருக்கும். கரண்ட் அந்தக் கட்டை வழியாகவே போய்க்கொண்டிருக்கும். பட்டனை அடித்தால் பாதை அறுந்து மெஷின் நிற்கும். எலி வயரைக் கடித்தாலும், ஸ்க்ரூ கழன்றாலும்கூடப் பாதை அறுந்து மெஷின் நிற்கும். சுருக்கமாக, சின்னச் சந்தேகம் வந்தாலே நின்றுவிடும். லிஃப்ட்டும் இப்படித்தான். உலகம் முழுவதையும் இப்படி வயரிங் செய்திருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது என்பது டெஸ்டரின் தாழ்மையான கருத்து.

ஞாயிறு காலை சோதனை ஓட்டம் என்று முடிவாயிற்று. புதன்கிழமை வாக்கிங் முடிந்து வந்தவர் பின்னறையில் திகைத்து நின்றார். பிளக்கைப் பிடுங்கி, வயரை வலப்பக்கமாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அது இடப்பக்கமாகச் சுருண்டிருந்தது.

யாரோ மெஷினைத் தொட்டிருக்கிறார்கள்.

வீட்டுச் சாவி மூன்று. ஒன்று தன்னிடம், தன்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஒன்று மனைவியிடம், அவளுக்கு மெஷினைக் கண்டாலே ஆகாது. மூன்றாவது மச்சினனிடம். அவசரக்குடுக்கை. விரலைக் கொடுத்ததே அவசரத்தில்தான். திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்க்கிறான், வயரில் எதையோ நோண்டிவிட்டுப் போகிறான்!

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் டெஸ்டர் பேனலைத் திறந்தார். கட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றுவார், ஸ்க்ரூவை முறுக்குவார், மீட்டரை வைப்பார். பாதை சரியாக இருக்கிறது என்று மீட்டர் 'பீப்' அடிக்கும். திரும்ப மாட்டுவார். கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காது. மறுபடி கழற்றுவார்.

சனிக்கிழமை சாயந்திரம் பொறி வைத்தார். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து துணியில் கோடு போடும் நீல சாக்பீஸை எடுத்து நுணுக்கி, சிவப்பு பட்டன்மேல் தடவினார். தொட்டவன் கையோடு மாட்டுவான். வழக்கமாகக் கட்டையை மாட்டியதும் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். அன்று, தடயம் கலைந்துவிடுமே என்று, அமுக்கவில்லை.

ஞாயிறு காலை வாக்கிங்கிலிருந்து வந்ததும் முதலில் பார்த்தது பட்டனைத்தான். பொடி கலைந்திருந்தது. ஒன்பதே முக்கால் பலகையும் கையுமாக வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கையைக் காட்டு."

"எந்தக் கை அத்தான்?"

"இருக்கிற எல்லாம்."

காட்டினான். பளிச்சென்று இருந்தன.

"சோப்பு போட்டுக் கழுவியிருக்க."

"காலையில எழுந்தா கை கழுவ மாட்டாங்களா?"

"இத்தனை நாளா இல்லாத சுத்தம் இன்னிக்கு எதுக்கு?"

"அழுக்கா இருந்தா விட்டுடுவீங்களா அத்தான்?"

"அழுக்கா இருந்தா அப்பவே மாட்டியிருப்ப."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் தையல்காரி, கதவோரத்திலிருந்து.

"விசாரணை நடக்குது. குறுக்க பேசாத."

ஒன்பதே முக்கால் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். "அத்தான், அக்கா உள்ளங்கை நீலமா இருக்கு."

"தையக்காரி கை நீலமா இல்லாம வேற எப்படிடா இருக்கும்? வருஷம் பூரா..."

டெஸ்டர் பாதியில் நிறுத்தினார். ஊரில் யாரை வேண்டுமானாலும் காட்டிக்கொடுத்து ஒரே ஒருத்தியை மட்டும் மறைக்கக்கூடிய பொடியைத் தேடிப்பிடித்துத் தடவியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான்தாங்க," என்றாள். "அஞ்சு நாளா நீங்க வாக்கிங் போனதும் பிளக்கை மாட்டி, பச்சையை அமுக்கிட்டு, சிவப்பை அடிச்சுப் பாக்கறேன்."

"எதுக்கு?"

"நிக்குதான்னு பாக்க."

"டெஸ்ட் பண்ணிட்டேன்னு நான் சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீங்க," என்று இழுத்தாள்.

அந்த இழுவையை டெஸ்டர் எங்கேயோ கேட்டிருக்கிறார். எங்கே என்றுதான் சட்டென்று பிடிபடவில்லை.

"அதை விடுங்க. அடிச்சா ரெண்டு சத்தம் வரும். பட்டன் 'டொக்'குனு, பெட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு 'டக்'குனு. பச்சை லைட் அணையும். இன்னிக்கு 'டொக்' மட்டும்தான் வந்துச்சு. லைட் அணையவே இல்ல. பிளக்கைப் பிடுங்கிட்டு உங்களுக்காகத்தான் நிக்கறேன். நீங்க வந்ததும் வராததுமா அவனைப் பிடிச்சுக்கிட்டீங்க."

டெஸ்டர் பிளக்கை மாட்டினார். பச்சையை அமுக்கினார். பச்சை லைட் எரிந்தது. சிவப்பை ஓங்கி அடித்தார்.

டொக்.

பச்சை லைட் குத்துக்கல் மாதிரி எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பதே முக்கால் மெதுவாக இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். பிளாஸ்டிக் கட்டை கொக்கியிலிருந்து நழுவி, வயரில் காய் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டன் காற்றை அடித்துக்கொண்டிருக்க, கட்டை வழியாகக் கரண்ட் ஒரு குறையும் இல்லாமல் போயிருக்கிறது. மீட்டரை வைத்தால் இப்போதும் 'பீப்' அடிக்கும். கொக்கியின் முனை தேய்ந்து வெளுத்திருந்தது.

"யாரு அத்தான் கழட்டினது?" ஒன்பதே முக்கால் குரலைக் கனமாக்கிக்கொண்டான்.

"சரியா இருக்கான்னு பாக்கத்தான்டா..."

"எத்தனை தடவை?"

"ஒரு பதினாலு. பதினஞ்சு இருக்கும்."

"கையைக் காட்டுங்க."

டெஸ்டர் காட்டினார். பத்து நகக்கண்ணிலும் நீலம்.

பிறகு கையை இறக்கி, தரையைப் பார்த்தபடி அவரே கேட்டார்: "பழைய இரும்புக் கடைக்காரனுக்குச் சொல்லி அனுப்பவா?"

தையல்காரி மெஷினைப் பார்த்தாள். பைக்குள் இருந்த தம்பியின் கைகளைப் பார்த்தாள். "அது ஒழுங்காத்தான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நோண்டினது நீங்க. புதுசு வாங்கி மாட்டுங்க. மாட்டிட்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எங்கிட்ட குடுங்க."

அடுத்த ஞாயிறு புதுக் கட்டை மாட்டியாயிற்று. சாவி அவளுடைய கத்தரிக்கோல் கயிற்றில் தொங்கியது. மெஷின் பலகைமேல் இறங்கி, சுருள்சுருளாய்த் தூள் கிளப்பி, ஒரு இதழ், இரண்டு இதழ், மூன்றாவது இதழ் என்று செதுக்கிக்கொண்டு போனது. ஒன்பதே முக்கால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு நீலக் கை நீண்டு சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தது.

டொக். டக்.

"ஐயோ அக்கா! பூ பாதியில நின்னுடுச்சு! நல்ல பலகை போச்சே!"

"நிக்குதான்னு பாத்தேன்டா."

அவன் நியாயம் கேட்டு அத்தானைப் பார்த்தான். டெஸ்டர் பெட்டியிடம் காதைக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"வேற பலகை வை மச்சான்," என்றார். "அவ இன்னொரு தடவை அடிக்கட்டும். எனக்கு ரெண்டாவது சத்தம் சரியா கேக்கல."