கடைசிச் சரணத்தின் வேகம்

சனிக்கிழமைக் காலைகளில் தமிழ் வகுப்புக்குப் போகும்போது அப்பாவின் பழைய வான் வண்டியில் ஒரே ஒரு கசெற்தான் ஓடும். ரொறன்ரோவில் லோறன்ஸ் வீதியின் சிவப்பு விளக்குகள் எங்களை மறித்து மறித்து விடும். அவற்றில் ஏதோ ஒன்றில் நிற்கும்போது பாட்டின் கடைசிச் சரணம் வந்துவிடும். அதுவரை நிதானமாகப் போய்க்கொண்டிருந்த கிற்றார் அந்த இடத்தில் வேகம் பிடிக்கும். குரலும் கூடவே மேலே ஏறும். அப்பா ஸ்ரியறிங்கில் விரல்களால் தாளம் போடுவார். பின் இருக்கையில் நானும் தம்பியும் குரலை உயர்த்திக்கொண்டே போய், கடைசி வரியில் மூச்சு முட்டிச் சிரிப்போம். பாடுபவர் பெரியப்பா, அப்பாவின் தமையன். எங்கள் வீட்டுக்கு வந்தால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தேநீரில் பிஸ்கற்றைத் தோய்த்துச் சாப்பிடும் அந்த அமைதியான மனிதர்தான் கசெற்றுக்குள் இப்படிப் பறக்கிறார் என்பதை நம்ப எனக்குச் சில காலம் எடுத்தது.

பெரியப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். யாழ்ப்பாணத்துத் திருவிழா மேடையில் மின்கிற்றாரோடு முதன்முதல் ஏறிய ஒரு சிலரில் அவர் ஒருவர். மற்ற இசைக்கோஷ்டிகள் சினிமாப் பாட்டும் பைலாத் துள்ளிசையும் வாசித்துக்கொண்டிருந்தபோது, வானொலியில் கேட்ட றொக் அண்ட் றோல் தாளத்தைப் பிடித்து, அதன்மேல் தன் ஊர்ச் சொற்களை ஏற்றியவர். நிலாவும் மலரும் அவருடைய பாட்டுகளில் வராது. ஒட்டுப்போட்ட சைக்கிள் ரியூப் வரும், படக்கொட்டகை வாசல் வரும், மழையில் நனைந்த பள்ளிக்கூடப் புத்தகம் வரும். முதல் மேடையில் பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, உந்த இரும்புச் சத்தத்தை நிப்பாட்டு, சாமி எழும்பப் போகுது” என்றாராம். “எழுப்பத்தானே ஐயா திருவிழா” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாராம் பெரியப்பா. அந்தப் பதில் ஊருக்குள் பாட்டைவிட வேகமாகப் பரவியது என்று அப்பா சொல்வார்.

பிறகு யுத்தம். கோஷ்டியில் இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். பொருளாதாரத் தடை வந்து மின்சாரம் இல்லாமல் போனது. மின்கிற்றார் சுவரில் தொங்கியது. அந்த நாட்களில்தான் பெரியப்பா ஒரு சாதாரண மரக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, ‘கடைசி பஸ்’ என்ற இந்தப் பாட்டை வீட்டிலேயே பாடிப் பதிந்தார். பட்டணத்திலிருந்து ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வரும் ஓர் இளைஞனின் பாட்டு அது. கொழும்புக்குப் போன யாரோ ஒருவரின் பையில் கசெற் புறப்பட்டு, ரொறன்ரோவில் அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. அப்பா நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார், அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். சில வருடங்கள் கழித்துப் பெரியப்பாவும் பெரியம்மாவும் இங்கே வந்து இறங்கியபோது, நாங்கள் இருந்த ஸ்காபரோப் பகுதியில் அவருக்கு முன்பே அவருடைய குரல் குடியேறியிருந்தது. அவர் பதிந்த பாட்டுகளில் மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

இங்கே அவர் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் கலியாண மண்டபங்களில் வாசித்தார். அவரைப் பார்த்துத்தான் சுற்றுவட்டாரத்து வோபர்னிலும் அஜின்கோர்ட்டிலும் வீட்டு நிலவறைகளுக்குள் கிற்றார்கள் முளைத்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் சரளமாக வராது, ஆனால் ‘கடைசி பஸ்’ வரும். எல்லாரும் அதன் முடிவைத்தான் முதலில் படித்தார்கள். வேகமும் சுருதியும் ஒன்றாக ஏறும் அந்த இடத்துக்கு ‘ஏத்தம்’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். தாங்கள் எழுதும் பாட்டுகளின் முடிவிலும் ஓர் ஏத்தம் வைப்பார்கள். ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒருவர், அந்த இளைஞன் பஸ்ஸைத் துரத்தி ஓடுவதைத்தான் கிற்றார் காட்டுகிறது என்று விளக்கம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து போய் யன்னலைத் திறந்தார். அது ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் ஒலிப்பொறியியல் படித்தேன். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து புதுப்பிப்பது என் வேலை. இரண்டு கோடைகளுக்கு முன் இளைஞர்கள் சிலர் சேர்ந்து பெரியப்பாவுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கத் தீர்மானித்தபோது, ஒலி முழுவதையும் என்னிடம் தந்தார்கள். பாட்டுகளைத் தெரிவு செய்ய வெக்ஸ்போர்ட்டில் பெரியப்பாவின் அப்பார்ட்மென்டுக்குப் போனேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் கைபேசியில் குறித்தேன். ‘கடைசி பஸ்’ வரவேயில்லை.

“அதை விடு பிள்ளை. வேற எத்தினை பாட்டு இருக்கு.”

“சனம் அதைக் கேக்கத்தானே பெரியப்பா வருது?”

“தாளம் விட்டுப் பாடினவன் எண்டு அந்தக் கசெற் ஊருலகம் முழுக்கச் சாட்சி சொல்லிக்கொண்டு திரியுது. மேடையில ஏறி நானும் அதை ஒப்புக்கொள்ள வேணுமோ? கடைசிச் சரணத்தில அவன் பஸ்ஸை விட்டுட்டான், பிள்ளை. சொல்லைக் கேட்டுப் பார். நடந்து வீட்ட போறான். நான் நடக்க எண்டுதான் எழுதினனான். பாடேக்க வாய் ஓடீட்டுது.”

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “உன்ர பெரியப்பாவுக்கு எப்பவும் அவசரம். தாலியையே மேளத்துக்கு முந்திக் கட்டின ஆள்.”

பெரியப்பா சிரித்தார். ஆனால் அது பழகிப்போன சிரிப்பு. இந்தப் பகிடியை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது எங்கே குத்துகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊரே கொண்டாடும் ஒரு முடிவை, பாடியவர் தன் தோல்வி என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கிற்றார்காரனுக்குச் சுருதி கொஞ்சம் பிசகலாம், குரல் உடையலாம், தாளம் மட்டும் போகக்கூடாது என்பது அவருடைய நம்பிக்கை.

ஆனாலும் விழாவில் ஒலிக்கவிட அந்தக் கசெற்றைச் சுத்தம் செய்தேன். அப்பாவிடம் இருந்தது ஊரிலிருந்து வந்த மூலக் கசெற். ஒரு பழைய பதிவைக் கையில் எடுத்தால் நான் முதலில் பாட்டைக் கேட்பதில்லை. பாட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பாடத் தொடங்கும் முன் பெரியப்பா கிற்றாரின் தடித்த கம்பியை, விரல் வைக்காமல், ஒருமுறை தட்டுகிறார். பாட்டு முடிந்ததும் அதே கம்பியைத் தட்டி, ஒலி அடங்கும்வரை விடுகிறார். ஒரே கம்பி, இடையில் யாரும் முறுக்கவில்லை. ஆனால் முடிவில் அது தொடக்கத்தைவிட நன்றாக உயர்ந்து ஒலித்தது. பாடுபவர் அவசரப்பட்டால் பாட்டு வேகமாகும். அவர் அவசரப்பட்டார் என்பதற்காகச் சும்மா இருக்கும் கம்பியின் சுருதி ஏறாது. அப்படியானால் மாறியது பாடியவர் அல்ல, கசெற் நாடா ஓடிய வேகம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மடிக்கணினியையும் ஒரு சிறிய ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நேராகவே கேட்டேன்.

“கரண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. அப்ப றெக்கோடரை எதில ஓட்டினீங்கள் பெரியப்பா?”

“சைக்கிள்ல. ஸ்ராண்டில நிப்பாட்டி, டைனமோவில இருந்து யன்னலுக்குள்ளால வயர் இழுத்தது. அந்த நேரம் எல்லா வீட்டிலயும் அப்பிடித்தானே றேடியோ கேட்டது.”

“ஆர் பெடலை உழக்கினது?”

“வேற ஆர்? இவதான். வெளியில விறாந்தையில.”

பெரியம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் களைத்துவிட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

“களைக்காம? பாட்டு முடியிற நேரம் கால் ரெண்டும் விட்டுப்போச்சு. ஆனா நான் மெல்ல உழக்கினா பாட்டும் மெல்லத்தானே பிள்ளை போகவேணும்? இவரெல்லோ ஓடினவர்.”

அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கச் சைக்கிள் உழக்கிய யாரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உழக்குபவரின் கால் தளர்ந்தால் றேடியோவின் குரல் தேயும், கசெற் பாட்டு இழுபடும். அது அவர்கள் கண்ணால் கண்டது. ஆனால் பாட்டுக் கேட்பது வேறு, பதிவது வேறு. நாடாவைத் துணியாகவும் பாடுபவரை அதில் அச்சுக் குத்துபவராகவும் வைத்து, நான் துணி அச்சடிப்பதை உதாரணம் சொன்னேன். துணி ஒரே சீராக நகரும்போது பூ அச்சைக் குத்திக்கொண்டே போகிறோம். இடையில் துணி மெதுவாகிறது, குத்துபவரின் கை மாறவில்லை. அந்த இடத்தில் பூக்கள் நெருங்கி நெருங்கி விழும். பிறகு அந்தத் துணியைப் பழைய வேகத்தில் இழுத்துப் பார்த்தால், அங்கே வரும்போது பூக்கள் ஓடும். ஓடுவது துணியின் வேலை. கை தன் தாளத்தில்தான் இருந்தது.

பெரியம்மா தட்டுகளை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொடக்கத்துக் கம்பி ஒலியும் முடிவுக் கம்பி ஒலியும் ஒன்றாக நிற்கும்படி நாடாவின் வேகத்தைத் திருத்திய பதிவை நான் போட்டேன். பெரியப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். முதல் சரணம், இரண்டாம் சரணம். கடைசிச் சரணம் வரும் இடத்தில் அவருடைய தோள் இறுகியது. விரல் அதே இடைவெளியில் விழுந்துகொண்டேயிருந்தது, குரலும் அதே இடைவெளியில் வந்தது. கடைசிச் சொல்வரைக்கும் இரண்டும் பிரியவில்லை. அந்தக் குரலில் அவசரம் இருக்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, தெருவோரமாகத் தனக்குள் பாடிக்கொண்டு போகும் ஒருவனின் குரல் அது.

“திருப்பிப் போடு” என்றார். திரும்பவும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நடக்கிறான்” என்றார். “பாத்தியே, நடந்துதான் போறான்.”

“அப்ப இவ்வளவு காலமும் நான் பழிச்சதெல்லாம்?” என்றார் பெரியம்மா.

“அது பரவாயில்லை. இனி என்ர முறை. நீர் பேசாமல் இரும்.”

பாட்டு நிகழ்ச்சிக்குள் வந்தது. ஆனால் ஒத்திகையில் வேறு சிக்கல். இசைக்குழுவை நடத்திய வோபர்ன் பெடியன், கடைசிச் சரணம் இனி ஏறாது என்று கேட்டதும் கிற்றாரைக் கழற்றிவிட்டான்.

“அங்கிள், சீரியஸ்லி? நான் கிற்றார் தொட்டதே அந்த என்டிங்குக்காக.”

“உன்னை ஆர் தம்பி அதை விடச்சொன்னது?” என்றார் பெரியப்பா. “நான் ஒருக்கா நடந்து போறன். பிறகு நீங்கள் ஓடுங்கோ. நான் இருந்து பாக்கிறன்.”

“அப்ப ஏத்தம் பிழையில்லையோ?”

“பிழையாத்தான் பிறந்தது. உங்களிட்ட வந்து வளந்திட்டுது. இனி அது உங்கட பிள்ளை.”

அவருடைய வாழ்க்கையில் நான் வியப்பவை பல. அவற்றுள் இந்தப் பதிலுக்கு நான் கொடுக்கும் இடம், முதல் மேடையில் அந்தப் பெரியவருக்குச் சொன்ன பதிலுக்கும் மேலே. இத்தனை வருடம் தன்னைச் சுட்ட ஒன்றை, அது தன் பிழையல்ல என்று தெரிந்த கையோடு, அதை நேசிப்பவர்களிடமே கொடுத்துவிட அவரால் முடிந்தது.

விழா அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில், மாலையில் நடந்தது. நான் ஒலியைக் கலக்கும் பலகை மண்டபத்தின் நடுவில் இருந்தது. பெரியம்மா முன்வரிசையை மறுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘கடைசி பஸ்’ தொடங்கியதும் சனம் எழுந்துவிட்டது. கடைசிச் சரணம் வந்தது. மண்டபம் முழுவதும் கைதட்டி ஏறத் தொடங்கியது. எல்லாருடைய உடம்புக்குள்ளும் அந்தக் கசெற் இருந்தது. கைதட்டல் முந்தியது, ட்ரம்ஸ் அடித்த பிள்ளையின் கை அந்தப் பக்கம் இழுபட்டது. பெரியப்பாவின் கண் மட்டும் மூடியிருந்தது. எழுபது கடந்த மனிதர், எதிரே ஒரு மண்டபம் ஓடுகிறது. இன்று ஓடிவிட்டால் எந்தப் பொறியியலும் அவருக்குப் பிறகு உதவாது. என் கை கட்டுப்பாட்டுப் பொத்தான்கள்மேல் இருந்தது, செய்ய ஒன்றுமில்லை. அவர் வலதுகாலைத் தூக்கி மேடைப் பலகையில் வைத்தார். திரும்பவும் வைத்தார். அந்தக் காலடிச் சத்தத்தில் ட்ரம்ஸ் திரும்பி வந்தது. முன்வரிசை குழம்பி, நின்று, அவரோடு சேர்ந்தது. பின்வரிசைகளும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி வரியை அவர் பாடியபோது, ஓடப் பழகிய அத்தனை பேரும் அவரோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு பிள்ளைகள் தங்கள் ஏத்தத்தை வாசித்தார்கள். பெரியப்பா ஒரு கதிரையில் இருந்து, தொடையில் தட்டி, வாய்விட்டுச் சிரித்தபடி அதைக் கேட்டார். முடிந்ததும் மைக்கை வாங்கி வாசித்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். கிற்றார், பேஸ், கீபோர்ட், ட்ரம்ஸ். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் வந்தது. கடைசியாக மண்டபத்தின் நடுவுக்குக் கையைக் காட்டினார்.

“கசெற்றில நீங்கள் இவ்வளவு காலமும் கேட்ட அந்த வேகம், என்ர மனிசி.”

சனத்துக்கு விளங்கவில்லை. மரியாதைக்குக் கைதட்டித் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

“றெக்கோட் நடக்கேக்க வாய் திறக்கக் கூடாது எண்டவர். இல்லாட்டி அப்பவே சொல்லியிருப்பன், கால் நோகுது எண்டு.”