ஒன்றாக வந்து சேராத இரண்டு கார்கள்

சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள்தான் பல வருடங்களாக உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் பாடமாக்கிவந்து ஒப்பிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் எனக்கு மூக்கு நுனியில். "கண்ணாலை பாத்து யோசியுங்கோவன்!" என்று கத்தாத நாளில்லை. என் மகளும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. ஆகவே அவளுக்கு ஐந்து வயதானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடத்தைத் தொடங்கினேன். ஐந்து வயதில் சாய்தளம்! வேறு தாய்மார் அந்த வயதில் வாயில் சோறு தீத்துவார்கள்.

கொட்டிலில் மாணவர்கள் இருந்து படிக்கும் நீள வாங்கு ஒன்றின் ஒரு பக்கத்துக் கால்களைச் சீமெந்துக் கல்லில் ஏற்றினேன். மேலே இரண்டு கார்கள். ஒன்று திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் கார், ஊதினால் பறக்கும். மற்றது லண்டனிலிருந்து என் தங்கை அனுப்பிய இரும்புக் கார்.

"எது பிள்ளை முதல் வரும்?"

"பாரமானது."

"இல்லை. ரெண்டும் ஒண்டாத்தான் வரும். விட்டுப் பார்."

விட்டாள். இரும்புக் கார் முதல் வந்தது.

"நீ ஒண்டா விடேல்லை."

"ஒண்டாத்தான் விட்டனான் அம்மா."

ஏழெட்டுத் தரம் விட்டாள். ஒவ்வொரு தரமும் அந்த இரும்புக் கார் என்னைக் கொஞ்சமும் மதிக்காமல் முன்னால் ஓடியது. "வடிவாப் பிடி! சரியா விடு!" என்று கத்தினேன். அவளுக்கு உதடு பிதுங்கியது. வினாத்தாளில் 'உராய்வைப் புறக்கணிக்க' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். நானும் அத்தனை வருடமும் பக்தியோடு புறக்கணித்துவந்தேன். சரிவில் ஒரு தேங்காயைக்கூட உருட்டிப் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். அவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். பிளாஸ்ரிக் காரைத் தூக்கிக் கவிழ்த்து, சில்லை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, சில்லு சுத்துதே இல்லை. உது எப்பிடி ஒண்டா வரும்? உமக்கு ஆர் பௌதிகம் படிப்பிச்சது?"

"நீங்கள் போய் உங்கடை கராஜைப் பாருங்கோ!"

மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சண்டை பிடிக்காதேங்கோ. நான் இப்ப விடுறன், பாருங்கோ."

கார்கள் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

எனக்கு வழக்கில் வென்ற மாதிரி இருந்தது. "கண்டியளோ?" என்று கணவரைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா விடு, அப்பா வடிவாப் பாக்கட்டும்" என்றேன். அந்தத் தரம் நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்ரிக் காரை விட்ட பிறகும் இரும்புக் காரை அவள் சுண்டுவிரலால் கொஞ்சம் பிடித்துவைத்திருந்தாள்.

"ஏன் பிள்ளை அதைப் பிடிச்சனீ?"

"பிடிக்காட்டி நீங்கள் ஏசுவியள்."

வெட்கத்தில் எனக்கு முகம் கொதித்தது. கணவர்கூடச் சிரிக்கவில்லை.

"ஏசமாட்டன். அம்மா சொன்னதுதான் பிழை. பிடியாமல் விடு" என்றேன்.

விட்டாள். இரும்புக் கார் முதலில் போய்ச் சுவரில் மோதிய சத்தம் கேட்டது. மகள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.