ரெஃப்ரியின் கண்ணும் எங்கள் கண்ணாடிக் கடையும்

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். புருஷன் கண், மேனேஜர் கண், மருமகள் கண் என்று அடுத்தவர் கண்ணில்தான் குறை சொல்வார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். எண்பதுகளில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் அப்படி ஒரு கடையில் நான் வேலை பார்த்தபோது, ஒரு வாரம் முழுக்க ஊரே ஒரே ஒரு மனிதரின் கண்ணைப் பற்றிப் பேச எங்கள் கடைக்கு வந்தது.

ஒரு சூராட் வேண்டும்

சனிக்கிழமை சாயங்காலம் துறைமுகத் தொழிலாளர் அணிக்கும் பேங்க் அணிக்கும் ஃபுட்பால் ஃபைனல். ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிஷத்தில் ரெஃப்ரி பொன்னையா விசில் ஊதி, கையை நீட்டி பேங்க் அணிக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார். யாரும் விழவில்லை, யார் கையிலும் பந்து படவில்லை. பெனால்டி வாங்கிய பேங்க் ஆட்டக்காரரே "எனக்கா?" என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டாராம். பேங்க் ஜெயித்தது. துறைமுகத்தின் மேல் பெட் கட்டியிருந்த பாதி ஊர் தோற்றது.

எங்கள் கடைக்கு எதிரே கோப்பிக்கடை. அங்கே ஓரமாக உட்கார்ந்து பெட் பிடிக்கிறவர் ஆ செங். தோற்றவர்கள் அவரைப் பிடித்து உலுக்க, தப்பித்தால் போதுமென்று அவர், "ரெஃப்ரிக்குக் கண் தெரியாது என்று ஒரு சூராட் கொண்டு வா, பெட் எல்லாம் பத்தால்" என்று சொல்லிவிட்டார். அதாவது, கடிதம் வந்தால் பந்தயம் ரத்து. போன மாதம்தான் பொன்னையா எங்களிடம் படிக்கிற கண்ணாடி வாங்கியிருந்தார். அது யாருக்கு ஞாபகம் வந்ததோ, திங்கட்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வெளியில் முப்பது பேர். முதல் ஆள் முனியாண்டி அண்ணன், மூட்டை தூக்குகிறவர், அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து முதல் ஃபெரி பிடித்து வந்திருந்தார். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரி தம்பி, நீ அவரு பேரு போட வேணாம். சும்மா 'ஒருத்தருக்குக் கண்ணு தெரியாது'ன்னு எழுதிக் குடு, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்லா."

ஜெயித்தவர்கள்

தோற்றவர்களையாவது சமாளித்துவிடலாம். மத்தியானம் ஜெயித்தவர்கள் வந்தார்கள். கடித விவகாரம் தீரும்வரை பணம் கிடையாது என்று ஆ செங் கையை விரித்துவிட்டாராம். பாசாரில் கோழி விற்கும் ராணி அக்கா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார். பேங்க் கோல்கீப்பர் தன் கடையில் கோழி வாங்குகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த அணியின் மேல் பெட் கட்டியவர்.

"ரெஃப்ரிக்குக் கண்ணு நல்லாருக்குன்னு எழுது. எங்க வீட்டுல ஏழு பேருக்கும் இங்கயே கண்ணாடி போடுறேன்" என்றார். ஏழு பேரில் யாருக்குப் பார்வை சரியில்லை என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல, அதனால என்ன?" என்றார். தூரப் பார்வையை டெஸ்ட் பண்ணாமல் அவர் கண் நல்ல கண் என்று எப்படி எழுதுவது என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஆளு கோழி வாங்க வந்தா என் தராசு முள்ளையே முறைச்சுக்கிட்டு நிப்பாரு தம்பி, அதைவிட நல்ல கண்ணு இந்தப் பினாங்குல கிடையாது!"

முதலாளி சொன்னது

செவ்வாய்க்கிழமை ஆ செங்குக்கு யோசனை உதித்தது. பொன்னையா எங்கள் கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் கண் டெஸ்ட் எடுத்துக்கொள்ளட்டும். அது மட்டுமென்றால் பரவாயில்லை. எழுத்து அட்டையில் அவர் எத்தனையாவது வரிவரை படிப்பார் என்பதற்கும் புதிதாகப் பெட் திறந்துவிட்டார்!

அதோடு என் நிம்மதி போயிற்று. ஆறாவது வரிக்குக் கட்டியவர்கள் வந்து லைட்டைக் குறைக்கச் சொன்னார்கள். எட்டாவது வரிக்குக் கட்டியவர்கள் பெரிய பல்பாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் அட்டையை இரண்டடி தள்ளி மாட்ட முடியுமா என்று நைசாகக் கேட்டார். வந்தவர்கள் சும்மா இருக்காமல் தாங்களும் அட்டையைப் படித்துப் பார்த்து, தெரியவில்லை என்று திடுக்கிட்டு, கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதை நிறுத்தச் சொல்லி முதலாளி லிம்மிடம் கெஞ்சினேன். அவர் ஆர்டர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெஃப்ரிக்குக் கண்ணு தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா? நீ மெதுவா டெஸ்ட் பண்ணு, வெள்ளிக்கிழமை வரைக்கும் மெதுவா பண்ணு."

திரைக்குப் பின்னால்

புதன்கிழமை பொன்னையா வந்தார். கெலுகோரில் வீடு, அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் குடும்பம். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடை வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரியான எட்டாவது வரிவரை தடுக்காமல் படித்தார். படித்துவிட்டு, அடியில் எறும்பு மாதிரி இருந்த அட்டைக் கம்பெனியின் பெயரையும் விலாசத்தையும் சேர்த்துப் படித்தார்.

வெளியே இரைச்சல் கிளம்பியது. நான் டெஸ்ட் நாற்காலியைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டேன். மனிதர் முகம் வாடியிருந்தது. "இவ்வளவு நல்ல கண்ணு சார், அன்னைக்கு என்னதான் பாத்தீங்க?" என்று கேட்டேன். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உமக்கு மட்டும் சொல்றன், நான் ஒண்டும் பார்க்கேல்லை, விசில் வாயில இருக்கேக்க தும்மல் வந்திட்டுது, இருபத்திரண்டு பேரும் நிண்டு என்னைப் பார்க்கினம், கையை எங்கேயாவது காட்டத்தானே வேணும்?"

என் தீர்ப்பு

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். அவரை வாசல் வழியாக அனுப்பப் பயந்து பின்கதவைக் காட்டிவிட்டிருந்தேன். கண் நல்ல கண் என்பதால் ஃபைனல் பெட் ரத்தாகவில்லை. ராணி அக்காவுக்குப் பணம் உறுதி. ஆனால் அட்டைப் பெட்டில் புதுத் தகராறு. கம்பெனி பெயர் ஒன்பதாவது வரியா, இல்லையா? எட்டுக்குக் கட்டியவர்கள் ஒரு பக்கம், அட்டையில் எத்தனை வரி என்று பார்க்காமலே "அதுக்கு மேலே" என்று கட்டியவர்கள் மறுபக்கம், நடுவில் ஆ செங். மூன்று தரப்பும் என்னைப் பார்த்தது.

பொன்னையா சாரின் கஷ்டம் அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. "எட்டுதான்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். கையை மட்டும் அட்டைப் பக்கம் நீட்டினேன். ஒன்பதாவது வரியை நம்பித் தன் பழைய நஷ்டத்தை மீட்க நினைத்திருந்த முனியாண்டி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெஃப்ரியே தேவலாம்லா, அவராவது விசில் ஊதிட்டுக் கைய காட்டுனாரு!"

பொன்னையா சார் பென்ஷன் வாங்கி மகளோடு வெளிநாடு போய் வெகு காலமாகிவிட்டதால் இப்போது சொல்கிறேன்: ஊரே ஒருவர் கண்ணைச் சோதித்த அந்த வாரத்தில், சோதிக்க வேண்டியது மூக்கைத்தான் என்று அவரைத் தவிரத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான், ஆனால் அதற்கு யாரும் பெட் திறக்கவில்லை.